வங்கி இருப்பு சொல்லாத கணக்கு

அடுக்குமாடிக் குடியிருப்பு அசோசியேஷனின் ஆண்டறிக்கை கைக்கு வந்ததும் பெரும்பாலோர் நேராகக் கடைசிப் பக்கத்துக்குத்தான் போவார்கள். அங்கே 'நிதி இருப்பு' என்று, பெரிய பழுதுகளுக்காகச் சேர்த்து வைத்திருக்கும் பணம் ஒரு தொகையாக இருக்கும். போன வருஷத்தைவிடக் கூடியிருந்தால் பொருளாளருக்குக் கைதட்டல். குறைந்திருந்தால் கேள்வி மேல் கேள்வி. நானும் சில காலம் பொருளாளராக இருந்தவன், அந்தக் கைதட்டல் எனக்கும் கிடைத்திருக்கிறது. ஆனால் அந்த ஒரு தொகையை வைத்துக்கொண்டு கட்டிடத்தின் நிதி நிலைமை நல்லதா கெட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தொகைகளெல்லாம் சும்மா வைத்துக்கொள்வதுதான், எந்த நாணயமானாலும் கணக்கு ஒன்றே. ஒரு குடியிருப்பில் நான்கு பெரிய செலவுகள். லிஃப்ட் மாற்ற 24 லட்சம், அது 24 வருஷம் உழைக்கும். மொட்டை மாடி வாட்டர்ப்ரூஃபிங் 10 லட்சம், 10 வருஷம். வெளிச்சுவர் பெயின்டிங் 14 லட்சம், 7 வருஷம். தண்ணீர் மோட்டார்கள் 3 லட்சம், 12 வருஷம். வங்கியில் இருப்பது 9 லட்சம்.

செலவை ஆயுளால் வகுத்தால் ஒரு வருஷத் தேய்மானம் வரும். கட்டிடத்துக்கு இரண்டே வயது என்றால் லிஃப்டில் இதுவரை தேய்ந்தது 2 லட்சத்துக்கு, மாடியில் 2 லட்சத்துக்கு, பெயின்டில் 4 லட்சத்துக்கு, மோட்டாரில் அரை லட்சத்துக்கு. ஆக எட்டரை லட்சம் தேய்ந்திருக்கிறது, 9 லட்சம் கையில் இருக்கிறது. அருமையான நிலைமை. இப்போது அதே 9 லட்சம் ஒரு பழைய கட்டிடத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். லிஃப்டுக்கு 18 வயது, மாடி வேலை முடிந்து 6 வருஷம், பெயின்ட் அடித்து 5 வருஷம், மோட்டாருக்கு 8 வயது. தேய்மானம் 18, 6, 10, 2 என்று மொத்தம் 36 லட்சம். கையில் 9. தேவையில் கால்வாசிதான் இருக்கிறது.

இந்த விகிதத்தைத்தான் இந்தத் துறையில் இருப்பவர்கள் முதலில் பார்ப்பார்கள்: இந்நேரம் சேர்ந்திருக்க வேண்டியதில் எத்தனை சதவீதம் சேர்ந்திருக்கிறது? அமெரிக்காவில் இதற்கென்றே கட்டிடம் கட்டிடமாகப் போய் மதிப்பிட்டுக் கொடுக்கும் தொழில் இருக்கிறது. அவர்கள் பொதுவாகச் சொல்வது, 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் தெம்பு, 30-க்குக் கீழே போனால் ஆபத்து. ஆபத்து என்றால் கட்டிடம் விழும் என்று பொருளில்லை. ஒரு நாள் திடீரென்று 'வீட்டுக்கு இவ்வளவு கட்டுங்கள்' என்று நோட்டீஸ் வரும் வாய்ப்பு அதிகம் என்று பொருள்.

சரி, அந்தப் பழைய கட்டிடம் என்ன செய்வது? வருஷம் வாரியாக எழுதிப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டாம் வருஷம் பெயின்ட் 14. நான்காம் வருஷம் மாடியும் மோட்டாரும் சேர்ந்து 13. ஆறாம் வருஷம் லிஃப்ட் 24. ஆறு வருஷத்தில் 51 லட்சம் வேண்டும், கையிருப்பு 9 போக 42. வருஷத்துக்கு 7 லட்சம் வசூலித்தால் எந்த வருஷமும் கணக்கு மைனஸில் போகாது, ஆறாம் வருஷ முடிவில் இருப்பு சரியாகப் பூஜ்யம். முதல் நாளிலிருந்தே ஒழுங்காகச் சேர்த்திருந்தால் வருஷத்துக்கு நாலேகால் லட்சம் போதுமாக இருந்திருக்கும். இந்த நாலேகாலுக்கும் ஏழுக்கும் உள்ள வித்தியாசம், முன்னால் குடியிருந்தவர்கள் கட்டாமல் போன பணம்.

இதிலும் நான் விலைவாசியைச் சேர்க்கவில்லை. செலவு வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறினால் 24 லட்ச லிஃப்ட் ஆறாவது வருஷம் 34 லட்சம் ஆகிவிடும். 24 வருஷம் கழித்து 97 லட்சம். 'டெபாசிட்டில் வட்டி வருகிறதே' என்பார்கள். வரும், ஆனால் பெரும்பாலும் அதை விலையேற்றம் தின்றுவிடும். அதனால் நான் வட்டியை வருமானமாகவே நினைப்பதில்லை. பணத்தின் மதிப்பை அது அப்படியே காப்பாற்றிக் கொடுத்தாலே பெரிய விஷயம். மாதத் தொகையை வருஷாவருஷம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போக வேண்டியதும் இதனால்தான். பத்து வருஷம் ஒரே தொகையில் நிற்கும் அசோசியேஷன், உண்மையில் வருஷாவருஷம் வசூலைக் குறைத்துக்கொண்டே வருகிறது.

கணக்கு இவ்வளவுதான், ஒரு எக்செல் ஷீட் போதும். கஷ்டமெல்லாம் அதற்கு முந்தைய வேலையில், அதாவது பட்டியல் போடுவதில்.

எங்கள் கட்டிடத்தில் பட்டியல் போட உட்கார்ந்தபோது எந்தப் பொருள் எந்த வருஷம் வாங்கியது என்று காட்ட ஒரு பில்கூட முழுதாக இல்லை. கமிட்டி மாறும்போதெல்லாம் ஃபைல்களும் ஒவ்வொருவர் வீட்டு அலமாரியில் தங்கிவிட்டன. அதனால் டார்ச்சும் துணியும் எடுத்துக்கொண்டு மோட்டார் ரூமுக்குப் போனோம். மோட்டார் உடம்பில் ஒரு சின்ன உலோகத் தகடு ரிவெட் அடித்திருக்கும். எண்ணெயும் தூசும் சேர்ந்து கறுத்துப்போயிருந்ததைத் துடைத்தால் குதிரைத் திறன், வோல்டேஜ், சீரியல் எண், அதற்குக் கீழே தயாரித்த வருஷம் எல்லாம் தெரிந்தது. மூன்று மோட்டாரில் இரண்டு கட்டிடம் கட்டியபோது வைத்தவை. மூன்றாவது இடையில் மாற்றியது, எப்போது என்று கமிட்டியில் யாருக்கும் நினைவில்லை. தகடுதான் சொன்னது. லிஃப்டிலும் அப்படித்தான். கன்ட்ரோல் பேனலின் கதவைத் திறந்தால் உள்பக்கம் சர்வீஸுக்கு வந்தவர்கள் பேனாவால் தேதி எழுதி வைத்திருந்தார்கள். ரோப் மாற்றிய தேதிகூட அங்கே இருந்தது.

பட்டியலில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதற்கு ஓரளவு தெளிவான அளவுகோல் உண்டு. அது பொதுச் சொத்தாக இருக்க வேண்டும். அதற்கு ஓர் ஆயுள் இருக்க வேண்டும். மிச்ச ஆயுள் எவ்வளவு என்று நியாயமாக ஊகிக்க முடிய வேண்டும். செலவு, வழக்கமான மாத மெயின்டனன்ஸில் அடங்காத அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். பல்பு மாற்றுவதும், தொட்டி கழுவுவதும், லிஃப்டின் வருஷ ஒப்பந்தமும் இதில் வராது. அவை மாதச் செலவு. இந்தக் கோட்டைப் போடாவிட்டால் பெரிய நிதியைச் சின்னச் சின்னச் செலவுகளே அரித்துவிடும். பெரும்பாலான சண்டைகள் கோட்டின் ஓரத்தில் இருப்பவற்றைப் பற்றித்தான்.

லிஃப்டை ஒரே வரியாக எழுதுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. ரோப் ஒரு வயதில் போகும், கன்ட்ரோல் பேனல் இன்னொரு வயதில். கதவு இயக்கும் பாகங்கள் எல்லாவற்றுக்கும் முன்னால். லிஃப்ட் ஏறி இறங்கும் தண்டவாளம் கட்டிடம் இருக்கும்வரை இருக்கும். பிரித்து எழுதினால் ஒரே வருஷத்தில் மலைபோல் வந்து நிற்கும் செலவு மூன்று நான்கு வருஷங்களில் பரவிவிடுகிறது. கொட்டேஷன் கொடுக்க வருபவர் 'முழுசா மாத்திடுங்க சார்' என்று சொல்லும்போது திருப்பிக் கேட்க நம்மிடம் ஏதாவது இருக்கவும் வேண்டுமே.

ஒத்திப்போடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாப் பொருளும் ஒரே மாதிரி பொறுத்துக்கொள்வதில்லை. பெயின்டிங்கை ஒரு வருஷம் தள்ளினால் பெரும்பாலும் பார்க்க அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். மாடி வாட்டர்ப்ரூஃபிங்கைத் தள்ளினால் கதை வேறு. கான்கிரீட்டுக்கு இயல்பாகவே ஒரு காரத்தன்மை உண்டு. உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்காமல் காப்பது அதுதான். காற்றில் இருக்கும் கரியமில வாயு மெல்ல மெல்ல உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைக்கும். கடற்கரைப் பக்கம் என்றால் உப்பும் சேர்ந்துகொள்ளும். அதன்பின் கசிகிற தண்ணீர் கம்பியைத் தொட்டால் துரு. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் கேட்கும். இடமில்லாததால் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். பிளவு வழியே இன்னும் தண்ணீர் இறங்கும், துரு இன்னும் வேகமெடுக்கும். கூரையிலிருந்து சில்லு விழுந்து கம்பி தெரிகிறது என்றால் உள்ளே வேலை எப்போதோ தொடங்கிவிட்டது. அப்போது செய்ய வேண்டியது வெறும் வாட்டர்ப்ரூஃபிங் இல்லை. கட்டமைப்பைச் சரிசெய்யும் வேலை, கணக்கே வேறு. அதனால் பணம் பற்றாமல் எதையாவது தள்ளித்தான் ஆக வேண்டும் என்றால், தண்ணீரைத் தடுக்கும் வேலைகளை மட்டும் தள்ளாதீர்கள் என்பது என் கட்சி.

இதைப் பேசும்போது அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் சர்ஃப்சைடு என்ற ஊரில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1981-இல் கட்டிய, 136 வீடுகள் கொண்ட 12 மாடிக் குடியிருப்பு, சாம்ப்ளெய்ன் டவர்ஸ் சவுத். 2018-லேயே ஒரு பொறியாளர் அறிக்கை நீச்சல் குளத் தளத்தில் வாட்டர்ப்ரூஃபிங் கெட்டுப்போனதையும் கீழே கான்கிரீட் பழுதையும் சுட்டிக்காட்டியிருந்தது. அதன்பின் வருஷக்கணக்கில் விவாதம், கமிட்டியில் ராஜினாமாக்கள். கடைசியில் 1.5 கோடி டாலர் சிறப்பு வசூலுக்கு ஒப்புதல் ஆனது. சின்ன வீட்டுக்காரருக்குச் சுமார் 80,000 டாலர், மேல்தளப் பெரிய வீட்டுக்கு 3 லட்சம் டாலருக்கு மேல். நிதியில் இருந்ததோ, இருந்திருக்க வேண்டியதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வசூலுக்குக் குறித்த நாள் 2021 ஜூலை 1. அதற்கு ஒரு வாரம் முன்பு, ஜூன் 24 அதிகாலையில், கட்டிடத்தின் பெரும்பகுதி இடிந்து விழுந்தது. 98 பேர் இறந்தார்கள்.

நிதி இல்லாததால்தான் விழுந்தது என்று இதைச் சுருக்கிவிடக் கூடாது. வடிவமைப்பிலேயே அந்தத் தளத்தில் போதிய வலு இல்லாததை விசாரணையாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். ஆனால் அறிக்கைக்கும் வேலைக்கும் நடுவே ஏறக்குறைய மூன்று வருஷம் ஓடியதில் பணத்துக்கு நிச்சயம் பங்கு உண்டு. அதுவரை ஃப்ளோரிடாவில் உறுப்பினர்கள் பெரும்பான்மை வாக்களித்து 'இந்த வருஷம் நிதி சேர்க்க வேண்டாம்' என்று முடிவு செய்துகொள்ளச் சட்டமே அனுமதித்தது. வருஷாவருஷம் அப்படி முடிவு செய்யலாம். 2022-இல் அந்த வழியை அடைத்தார்கள். மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்புகள் பத்து வருஷத்துக்கு ஒருமுறை, கட்டமைப்புப் பாகங்களுக்கு எவ்வளவு நிதி வேண்டும் என்று ஆய்வு செய்ய வேண்டும். கூரை, தூண்கள், வாட்டர்ப்ரூஃபிங், குழாய், மின்சாரம் போன்றவற்றுக்கான நிதியை வாக்கெடுப்பில் தள்ளுபடி செய்ய முடியாது என்று அந்தச் சட்டம் விதித்தது. சட்டம் வந்ததும் பல பழைய கட்டிடங்களில் மாதக் கட்டணம் கிடுகிடுவென ஏறி, ஓய்வூதியத்தில் வாழ்பவர்கள் தவித்துப்போனார்கள். அந்தத் தவிப்பும் உண்மைதான். பல வருஷப் பாக்கியைச் சில வருஷத்தில் கட்டச் சொன்னால் யார்தான் தவிக்க மாட்டார்கள்?

ஜப்பான் இதே சிக்கலை இன்னொரு பக்கத்திலிருந்து பிடித்தது. அங்கே குடியிருப்புகளுக்கு நீண்டகாலப் பழுதுபார்ப்புத் திட்டம் என்று ஒன்று வழக்கத்தில் இருக்கிறது. அரசு வழிகாட்டுதல்படி 30 வருஷத்துக்குக் குறையாமல், அதற்குள் இரண்டு பெரும் பராமரிப்பு வேலைகள் அடங்கும்படி போட வேண்டும். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை போலத் திருத்த வேண்டும். நிதி திரட்ட இரண்டு முறைகள். ஒன்று, முதலிலிருந்தே சமமாகக் கட்டுவது. மற்றொன்று, தொடக்கத்தில் குறைவாக வைத்துவிட்டுப் படிப்படியாக ஏற்றுவது. வீடு விற்கும் நிறுவனங்களுக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், மாதக் கட்டணம் குறைவாகத் தெரிந்தால் வீடு சுலபமாக விற்கும். ஏற்ற வேண்டிய வருஷம் வரும்போது கூட்டத்தில் ஒப்புதல் கிடைக்காமல் எத்தனையோ குடியிருப்புகள் மாட்டிக்கொண்டன. 2024-இல் வழிகாட்டுதலைத் திருத்தினார்கள்: படிப்படி முறை என்றாலும், தொடக்கத் தொகை சமமாகக் கட்டும் தொகையில் 0.6 மடங்குக்குக் குறையக் கூடாது, கடைசித் தொகை 1.1 மடங்கைத் தாண்டக் கூடாது. எனக்கு இந்த விதி ரொம்பப் பிடித்தது. 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்பதற்கு ஒரு எல்லைக்கோடு போட்டிருக்கிறார்கள்.

வேறு சில இடங்களில் நேராகச் சதவீதமே சொல்லிவிடுகிறார்கள். மலேசியாவில் மாதக் கட்டணத்தில் பத்து சதவீதம். மகாராஷ்டிராவின் மாதிரி விதிகளில் வீட்டின் கட்டுமானச் செலவில் வருஷத்துக்குக் குறைந்தது 0.25 சதவீதம். ஒன்றுமே இல்லாததற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் சதவீதத்துக்கு உங்கள் கட்டிடத்தில் லிஃப்ட் ஒன்றா நான்கா என்று தெரியாது. கட்டியபோது ஆன செலவை அடிப்படையாகப் பிடித்தால், விலைவாசி ஏற ஏற அந்தத் தொகை சுருங்கிக்கொண்டே வரும். குறைந்தபட்சம் என்று சட்டம் சொன்னதை 'இவ்வளவு போதும்' என்று படித்துக்கொள்ளும் பழக்கமும் நம்மிடம் நிறைய உண்டு.

அப்புறம் எங்கள் அசோசியேஷன் கூட்டம். பட்டியலும் அட்டவணையும் திரையில் போட்டு முடித்ததும் முதல் வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார்.

"தம்பி, எனக்கு எழுபத்தெட்டு வயசு. இன்னும் பதினைஞ்சு வருஷம் கழிச்சு வரப்போற லிஃப்டுக்கு நான் எதுக்குக் கட்டணும்? அதுல ஏறப்போறவன் கட்டட்டுமே."

கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். வாடகைக்கு விட்டிருப்பவர்கள் இன்னும் வேகமாக ஆட்டினார்கள். எனக்கு அந்தக் கேள்வி நியாயமாகத்தான் பட்டது. வரப்போகும் லிஃப்டுக்குக் கட்டச் சொன்னால் யாருக்கும் கோபம் வரும்.

"சார், வரப்போற லிஃப்டுக்கு நீங்க ஒண்ணும் கட்ட வேண்டாம். இன்னிக்கு இருக்கிற லிஃப்டுல தினமும் போறீங்க இல்லையா, அது தேயறதுக்குத்தான் கேக்கறோம்."

அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "அப்போ கிரவுண்ட் ஃப்ளோர்காரங்க?" என்றார். அதன்பின் அரை மணி நேரம் பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. எல்லா ஊர்க் கூட்டத்திலும் அது போகும் பக்கம்தான்.

ஆனால் என் வாதம் அந்தத் தேய்மானம்தான். இந்த நிதியை 'எதிர்காலச் சேமிப்பு' என்று பெயரிட்டு விற்கப் பார்ப்பதால்தான் கூட்டத்தில் தோற்கிறோம். தேய்மானம் இந்த மாதம் நடந்துவிட்டது, அதற்கான பணம் இந்த மாதமே கடனாகிவிட்டது. அதைக் கட்டாமல் போவது, ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்துவிட்டு 'வாடகையை அடுத்து வருகிறவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்' என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போவது போலத்தான். வீட்டை விற்றுவிட்டுப் போகிறவர் 'நான் கட்டிய நிதியைத் திருப்பிக் கொடுங்கள்' என்று கேட்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அவர் பயன்படுத்தியதற்கு அவர் கட்டினார், கணக்கு நேர்.

பெரியவர் கடைசியில் ஆதரித்து வாக்களித்தார். என் விளக்கம் அவரைக் கவர்ந்ததாக நான் நினைக்கவில்லை. ஒருநாள் திடீரென்று மொத்தமாகக் கேட்டால் தன்னால் கொடுக்க முடியாது, மாதாமாதம் என்றால் சமாளிக்கலாம் என்று வெளியே வந்ததும் சொன்னார். நிலையான வருமானத்தில் வாழ்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான காரணம் வேண்டாம்.

பணத்தை எங்கே வைப்பது என்பதில் பேச அதிகமில்லை. தனிக் கணக்கு, இரண்டு கையெழுத்து, செலவு வரப்போகும் வருஷத்துக்கு ஏற்ப முதிர்வு வரும் டெபாசிட்டுகள். அதிக லாபம் என்று யாராவது ஆசை காட்டினால் கேட்டுக்கொண்டு எழுந்து வந்துவிடலாம். மாதச் செலவுக்குத் துண்டு விழுந்தால் இதிலிருந்து 'கைமாற்றாக' எடுக்கக் கூடாது. எடுத்தே ஆக வேண்டும் என்றால் எப்போது திரும்பி வரும் என்று தீர்மானத்தில் எழுதிவிட்டு எடுக்க வேண்டும். எழுதாத கைமாற்றை அடுத்த கமிட்டி செலவாகவே காட்டிவிடும்.

பட்டியலில் எங்களுக்கு இன்னும் தீராத வரி ஒன்று இருக்கிறது. தரைக்குக் கீழே போகும் கழிவுநீர்க் குழாய்கள். கண்ணுக்குத் தெரியாது, தகடு கிடையாது, கட்டியபோது போட்ட வரைபடத்துக்கும் தோண்டிய இடத்தில் கிடைத்ததற்கும் பொருத்தமில்லை. ஆயுள் 30 வருஷத்தைத் தாண்டும் என்பதால் இவற்றைத் திட்டத்திலிருந்தே விட்டுவிடுகிறவர்கள் பலர். கட்டிடத்துக்கு இருபது வயது ஆனபின் அப்படி விடுவதில் எனக்குச் சம்மதமில்லை. ஆயுளும் தெரியாமல் செலவும் தெரியாமல் ஒரு தொகையைக் குத்துமதிப்பாகப் போடவும் மனசில்லை. இப்போதைக்குக் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனையை இரண்டு வருஷம் கழித்து வைத்திருக்கிறோம், அதற்கு ஆகும் செலவையும் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்த்தாகிவிட்டது. கேமரா என்ன காட்டுகிறதோ அதை வைத்துத்தான் மாதத் தொகையை அடுத்த தடவை திருத்துவோம்.